விரல்களுக்குத் தெரிந்த கதை

புதிதாக ஒரு கேம் வந்தால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கிராஃபிக்ஸ் எப்படி?" என்பதுதான். அடுத்தது, "எத்தனை மணி நேரம் ஓடும்?" இரண்டுக்கும் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சமீப ஆண்டுகளில் என்னைப் பிடித்து உட்கார வைத்த கேம்களை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது விரல்கள் செய்த வேலை. எந்தப் பட்டனை எப்போது அழுத்தினேன், எப்போது அழுத்தாமல் காத்திருந்தேன், அந்தக் காத்திருப்பில் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பதெல்லாம். ஒரு கேம் நம்மைச் செய்யவைக்கிற காரியத்திலேயே அதன் உணர்ச்சியும் இருக்க வேண்டும். கதையை முழுக்க சினிமாக் காட்சிகளில் வைத்துவிட்டு, நடுவில் சும்மா சுட்டுக்கொண்டிருக்கச் சொல்கிற கேம், எத்தனை கோடியைக் கொட்டி எடுத்திருந்தாலும் பாதி கேம்தான். இது என் கட்சி. இந்தக் கட்சிக்கு வலுச் சேர்த்தவை பெரும்பாலும் சிறிய குழுக்கள் செய்த கேம்கள்.

'ஹாலோ நைட்: சில்க்ஸாங்' அவற்றில் முதல். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழுவின் படைப்பு. ஏரி கிப்சன், வில்லியம் பெலன் இருவரும்தான் அந்தக் குழுவின் அச்சாணி. 2017-இல் வந்த அவர்களுடைய 'ஹாலோ நைட்'டுக்குக் கூடுதல் பகுதியாகத் தொடங்கிய வேலை, வளர்ந்து வளர்ந்து தனி கேமாகவே ஆகிவிட்டது. 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். கைக்கு வந்தது 2025 செப்டம்பர் 4 அன்று. அன்றைக்கு ஸ்டீம் உட்பட ஆன்லைன் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. விலை 20 டாலர்தான். ஆறரை ஆண்டுக் காத்திருப்புக்கு அந்த விலை வைத்ததற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

முதல் கேமில் ஒரு பேசாத வீரன், செத்துப்போன ராஜ்ஜியத்துக்குள் கீழே கீழே இறங்குவான். இதில் கூண்டில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட ஹார்னெட் என்பவள், பார்லூம் என்ற நாட்டின் அடியிலிருந்து உச்சிக்கு ஏறுகிறாள். அவள் பேசுகிறாள், சட்டென்று கோபப்படுகிறாள், பரிவும் காட்டுகிறாள். ஆனால் இந்த வித்தியாசத்தை வசனங்களுக்கு முன்னாலேயே கன்ட்ரோலர் சொல்லிவிடுகிறது. காயம் ஆற்றிக்கொள்ளும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்த உலகத்தில் உயிரை முகமூடிகளாக எண்ணுவார்கள். முதல் கேமின் வீரன் ஓரிடத்தில் அசையாமல் நின்று பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு முகமூடி திரும்பும். எதிரி கொஞ்சம் அசந்தால் ஒன்று, இன்னும் அசந்தால் இன்னொன்று என்று சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்ளலாம். ஹார்னெட்டுக்கு அந்தச் சிக்கனம் கிடையாது. எதிரியை ஊசியால் குத்தக் குத்த அவளிடம் பட்டு நூல் சேரும். ஒன்பது இழை சேர்ந்ததும் அத்தனையையும் ஒரே வீச்சில் செலவழித்துக் காயத்தைக் கட்டினால் மூன்று முகமூடிகள் ஒன்றாகத் திரும்பும். அந்தரத்தில் இருக்கும்போதே கட்டலாம். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் ஓர் அடி விழுந்துவிட்டால் நூல் மொத்தமும் பாழ்.

பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு முகமூடிகளைக் கொண்டுபோகிறார்கள். ஆரம்பத்தில் நம்மிடம் இருப்பதோ ஐந்துதான். அதனால் கட்டை விரல் அந்தப் பட்டனுக்கு மேல் வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இப்போதே கட்டுவதா? இன்னும் இரண்டு குத்துக் குத்திவிட்டுக் கட்டுவதா? ஹார்னெட் எப்படிப்பட்டவள் என்பதை இந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது: பயத்தில் பதுங்காதவள், வைத்தால் எல்லாவற்றையும் வைக்கிறவள். எந்தக் கதாசிரியரும் பத்துப் பக்க வசனத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது அவளுடைய பாய்ச்சல். பழைய வீரன் குதித்து நேர் கீழே குத்துவான். ஹார்னெட் சாய்வாகப் பாய்ந்து குத்துகிறாள். ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் சிவப்புப் பூக்களின் மேல் இப்படி ஒவ்வொன்றாய்க் குத்தி எம்பியபடி, தரையைத் தொடாமல் தாண்ட வேண்டிய இடங்கள் உண்டு. பழைய கேமின் பழக்கம் கையில் ஊறியவர்களுக்கு அங்கே எரிச்சல் வரும். பிறகு ஒரு கட்டத்தில், பூவுக்கு எவ்வளவு தள்ளி நின்று எந்த உயரத்தில் பாய வேண்டும் என்பது யோசிக்காமலே வந்துவிடுகிறது. பின்னால் வான்டரர் முத்திரை கிடைத்தால் நேர் குத்தும் திரும்பக் கிடைக்கும். அது கிடைத்த பிறகும் நான் சாய்வுக் குத்தை விடவில்லை. பாய்ந்தபடியே முன்னேறும் அந்த வேகம் வேறெதிலும் இல்லை.

சண்டையை மட்டுமே சொன்னால் இந்த கேமுக்கு நியாயம் செய்ததாகாது. ஹார்னெட் தன் ஊசியையே நரம்பிசைக் கருவியாக்கி மீட்டுவாள். பக்கத்தில் யாராவது நின்றால் அவர்களும் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். ஒவ்வொருவரின் குரலும் வேறு, மனசில் இருப்பதும் வேறு. வழியில் பார்க்கும் சாதாரணப் பூச்சிக்குக்கூட ஒரு பாட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். வரைபடம் விற்கும் ஷக்ரா எங்கோ பாறைக்குப் பின்னால் இருக்கிறாள் என்பதை அவளுடைய பாட்டுச் சத்தம்தான் முதலில் சொல்லும். வழி தெரியாமல் அலையும்போது அந்தக் குரல் காதில் விழுவது எத்தனை ஆறுதல்! இசை கிறிஸ்டோபர் லார்கின். ஹெட்ஃபோன் இல்லாமல் இதை விளையாடாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் தோற்றால் மறுபடி அவளிடம் போய்ச் சேரவே ஒரு நீண்ட பாதையைக் கடக்க வேண்டும். சண்டையில் கற்றதை உடனே சோதித்துப் பார்க்கத் துடிக்கும் கைக்கு அந்த நடை வெறும் தண்டனை. வெளியான கொஞ்ச நாளில் தொடக்கப் பகுதி பாஸ்கள் சிலரின் கடுமையைக் குறைத்தார்கள். இந்த நடையையும் குறைத்திருக்கலாம்.

2025-இல் பரிசுகளை அள்ளியது 'க்ளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'. பிரான்ஸின் மோன்பெல்லியே நகரத்து சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் நிறுவனத்தின் முதல் கேம். யூபிசாஃப்டில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த கியோம் ப்ரோஷ் இயக்கியது. ஏப்ரல் 24 அன்று வெளியாகி மூன்று நாளில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. டிசம்பரில் நடந்த 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருதுகள் வாங்கியது.

லூமியேர் என்ற நகரம். தூரத்தில் கடலுக்கு அப்பால் ஒரு பிரம்மாண்டமான தூண். வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஓவியக்காரி எழுந்து அதில் ஓர் எண்ணை எழுதுவாள். அந்த வயதைத் தொட்டவர்கள் எல்லோரும் பூவிதழ்களாய் உதிர்ந்து காற்றில் கலந்துவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்று குறையும். கேம் தொடங்கும் நாளில் 34 அழிந்து 33 வரப்போகிறது. போகப்போகிறவர்கள் கழுத்தில் மலர்மாலை போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள், நண்பர்களைக் கட்டிக்கொள்கிறார்கள், வீட்டுச் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். குஸ்தாவ் தன் பழைய காதலி சோஃபியைத் துறைமுகம் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறான். நடத்தி என்று சொன்னேன், நடப்பது நாம்தான். ஸ்டிக்கை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகும்போது, துறைமுகம் வந்துவிடக் கூடாதே என்று தோன்றியது. சந்துக்குச் சந்து நின்று பராக்குப் பார்த்தேன். இந்த கேமில் எனக்குப் பிடித்த இடம் எது என்றால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

சண்டை முறை பழைய ஜப்பானிய ஆர்பிஜிகளின் வழியில், ஆளுக்கொரு முறை மாறி மாறி அடிப்பது. அந்த வகையில் எதிரியின் முறை வந்தால் பொதுவாக நமக்கு வேலை இருக்காது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். ப்ரோஷின் குழு அந்தச் சும்மா நேரத்தைத்தான் கேமின் உயிராக மாற்றியிருக்கிறது. எதிரியின் ஆயுதம் நம்மேல் படும் அந்தக் கணத்தில் பட்டனைத் தட்டினால் அடி தடுக்கப்படும். தொடர்ந்து வரும் அத்தனை அடிகளையும் தடுத்துவிட்டால் நம் ஆள் திருப்பி ஓர் அடி கொடுப்பான். விலகித் தப்பிக்கவும் தனிப் பட்டன் உண்டு, அதற்கு நேரக் கணக்கு கொஞ்சம் தாராளம். எதிரிகளோ வஞ்சகர்கள். கத்தியை ஓங்கிவிட்டு அப்படியே நிற்பார்கள். விரல் பதறி முந்திவிட்டால் போச்சு. கண்ணை நம்புவதைவிடக் காதை நம்புவது மேல் என்பது மெல்ல மெல்லப் புரியும். ஒவ்வோர் எதிரியின் அடித்தொடருக்கும் ஒரு தாளக்கட்டு இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் தட்டுவது தானாக நடக்கும்.

அதனால் இசையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். லோரியன் டெஸ்டார் இதற்கு முன் எந்த கேமுக்கும் இசையமைத்ததில்லை. சவுண்ட்கிளவுடில் அவர் போட்டிருந்த இசையைக் கேட்டுத்தான் ப்ரோஷ் அழைத்தார். எட்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் அந்த இசைத் தொகுப்பில் ஆலிஸ் துபோர்-பெர்சியே பாடியிருக்கும் பாடல்களை, கேமை முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசிப் பகுதி மட்டும் எனக்கு உறுத்தல். அதுவரை ஓர் அடியின் உச்ச அளவு 9999. அந்த வரம்பு நீங்கியதும், திறன்களைப் பொருத்தமாகச் சேர்த்து வைத்திருப்பவர் பெரிய எதிரியையும் அவனுடைய முறை வருவதற்குள் சாய்த்துவிடலாம். அவனுடைய தாளத்தைக் கேட்கவே வாய்ப்பில்லாமல் சண்டை முடிந்துவிடுகிறது. இத்தனை அழகாகச் செதுக்கிய ஒன்றைக் கடைசியில் இப்படி நழுவவிட்டார்களே என்று மனசு ஆறவில்லை.

'ப்ளூ பிரின்ஸ்' வேறு ஜாதி. டோண்டா ரோஸ் எட்டு ஆண்டு உழைத்த கேம். இதுவும் 2025 ஏப்ரலில்தான் வந்தது. மவுன்ட் ஹாலி என்ற மாளிகையைப் பெரியவர் ஒருவர் நமக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். 45 அறைகள் கொண்ட வீட்டில் 46-ஆவது அறையைக் கண்டுபிடித்தால் வீடு உனக்கு என்பது நிபந்தனை. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகளின் படம் வரும். எதை நீங்கள் எடுக்கிறீர்களோ அதுதான் கதவுக்குப் பின்னால் இருக்கும். நாளொன்றுக்கு 50 காலடிகளோடு தொடங்குகிறோம். அது தீர்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. மறுநாள் வீடு வெறுமையாகிவிடும். மிச்சம் இருப்பது பெரும்பாலும் நாம் தெரிந்துகொண்டவைதான். ஆகவே பக்கத்தில் நோட்டும் பேனாவும் வேண்டும். சுவரில் மாட்டிய படம், மேஜைமேல் கிடக்கும் கடிதம், ஒரு தேதி என்று குறித்துக்கொண்டே போய், பல நாள் கழித்து இரண்டு குறிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது கிடைக்கிற சந்தோஷத்தை வேறு எந்த கேமும் சமீபத்தில் எனக்குத் தரவில்லை. பிந்திய புதிர்களில் அதிர்ஷ்டத்தின் கை ஓங்குகிறது என்பதும் உண்மை. விடை தெரிந்தும், வேண்டிய அறை வராமல் நாள் நாளாகக் காத்திருக்க வேண்டும்.

'பலாட்ரோ'வை விட்டுவிட முடியாது. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் மறைந்திருக்கும் கனடாக்காரர் ஒருவர் 2024-இல் வெளியிட்ட சீட்டு விளையாட்டு. போக்கர் கணக்கில் ஐந்து சீட்டு வரை இறக்கினால் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பெருக்கவும் விதியை வளைக்கவும் 150 ஜோக்கர்கள். சீட்டுகள் ஒவ்வொன்றாய் எண்ணப்படும்போது சத்தத்தின் சுருதி படிப்படியாக ஏறும். தேவையான புள்ளியை ஒரே கையில் தாண்டினால் எண்கள் தீப்பிடித்து எரியும். இதில் பணம் வைத்து ஆடும் பேச்சே கிடையாது. அப்படியிருந்தும் ஐரோப்பாவின் தர அமைப்பு இதற்கு 18 வயது முத்திரை குத்தியது. 2025-இல்தான் 12 என்று குறைத்தது. அந்த முத்திரை அநியாயம் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன்.

இந்த வரிசையில் கடைசியாகச் சொன்னாலும் மனசுக்கு நெருக்கமானது 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதி, அவர்களுடைய மகன் கவின். வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, எழுத்து அழிந்திருக்கிறது. இட்லி வார்க்க வேண்டும். தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற இடம் சரியாகத் தெரியவில்லை. ஒரு தட்டின் குழிக்கு நேர் கீழே இன்னொரு தட்டின் குழி வராமல் மாற்றி அடுக்கினால்தான் ஆவி ஒழுங்காக ஏறும். நம் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே கை செய்கிற வேலை அது. அதை ஒரு புதிராக வைத்திருக்கிறார்கள். தட்டைத் திருப்பி அடுக்கும்போது வெண்பாவின் அம்மாவின் கை எப்படி வேலை செய்திருக்கும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அம்மா அந்தக் காட்சியில் வரவே இல்லை. மொத்த கேமும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்பது என் ஆசை.

கன்ட்ரோலர் பிடித்தே பழகாதவர்கள் 'வெண்பா'விலும் 'பலாட்ரோ'விலும் தொடங்கலாம். இரண்டுக்கும் வேகமான கை தேவையில்லை. 'எக்ஸ்பெடிஷன் 33'இல் கஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, தயங்காமல் குறைத்துக்கொள்ளுங்கள். சில்க்ஸாங்கை மட்டும் நேராக எடுக்காதீர்கள். முதலில் பழைய 'ஹாலோ நைட்'டை விளையாடி முடியுங்கள். அதன் பிறகு இதற்கு வந்தால்தான், முதல் தடவை பட்டு நூலால் காயம் கட்டும்போதே ஹார்னெட் யார் என்பது உங்கள் கட்டை விரலுக்குப் புரியும்.