சீட்டித்துணியும் அந்தஸ்தும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தியச் சீட்டித்துணிக்கு வந்த தடையை வணிக வரலாற்றின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் எழுதிவருகிறார்கள். உடையின் வரலாறாகப் படித்தால்தான் அது யாரைக் குறிவைத்தது என்பது விளங்கும். இன்னார் இன்னதைத்தான் உடுத்தலாம் என்று வகுத்த பழைய சட்டங்கள் அங்கே 1604இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அதன்பின் அந்தஸ்துக்குக் காவலாக நின்றது விலைதான். பூவேலைப் பட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு எட்டாது. இந்தக் காவலைச் சீட்டியை உருவாக்கிய சோழமண்டலக் கரையின் தொழில்நுட்பம் தகர்த்தது. படிகாரமேற்றிய பருத்தியில் சாயவேர் தந்த சிவப்பும் அவுரி நீலமும் துவைத்தாலும் போகாதவை. 1700ஆம் ஆண்டுச் சட்டம் வண்ணத்துணி இறக்குமதியைத் தடுத்ததும், வெள்ளைத்துணியை வரவழைத்து லண்டனிலேயே அச்சடித்தார்கள்; விலை இன்னும் இறங்கியது. பூப்போட்ட உடையை மட்டும் வைத்து எஜமானி யார், பணிப்பெண் யார் என்று சொல்வது கடினமாயிற்று.

1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதிப் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். நெசவாளர் தரப்புக்காக எழுதிய எழுத்தாளர் டேனியல் டீஃபோ, 1725இல் பணிப்பெண்கள் எஜமானிகளைப்போல உடுத்துவதாகத் தனியே ஒரு நூலில் குறைப்பட்டார். இதெல்லாம் வயிற்றுப்பிழைப்புப் போராட்டம்தானே என்று கேட்கலாம். நெசவாளர்களின் பசி உண்மையானது; அதை மறுப்பது அநியாயம். ஆனால் பிழைப்பு மட்டுமே காரணமென்றால், அச்சடிப்பவரையும் விற்பவரையும் தடுத்தாலே போதும். 1721ஆம் ஆண்டுச் சட்டமோ உடுத்துவதையே குற்றமாக்கி, உடுத்தியவருக்கு 5 பவுண்டு அபராதம் விதித்தது. முழுநீலச் சாயத்துணிக்கும் மஸ்லினுக்கும் விலக்கு அளித்தது. மஸ்லினுக்கு ஈடான துணி இங்கிலாந்தில் அப்போது நெய்யப்படவில்லை என்பதால் அந்தஸ்தே நோக்கம் என்பதற்கு அந்த விலக்கை மட்டும் பெரிய சான்றாக்க முடியாது. அபராதம் உடுத்தியவள் தலையில் விழுந்ததுதான் வலுவான சான்று. ஒரு பெண்ணின் மேனியில் கிடந்த பூக்களை அரசு தன் கவலையாக எடுத்துக்கொண்டது.

ஏழைப்பெண்கள் மேல்தட்டைப் பார்த்துப் போலிசெய்தார்கள், அவ்வளவுதான் என்பது இன்னொரு வாதம். டீஃபோ போன்றோர் எழுதியதை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். 1741இல் தொடங்கிய லண்டன் கைவிடப்பட்ட குழந்தைகள் காப்பகத்தின் பதிவேடுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. குழந்தையைப் பின்னாளில் அடையாளம் காண, ஒரு துண்டுத்துணியைப் பதிவுத்தாளோடு குத்திவைத்தார்கள். இப்படி 5000க்கும் மேற்பட்ட துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை ஏழைத்தாய்மார் உடுத்தியவை, அல்லது அந்த உடையிலிருந்து வெட்டிக் குழந்தைக்குத் தைத்தவை. அவற்றில் பூவும் மொட்டும் கொடியும் அச்சிட்ட லினனும் பருத்தியும் ஏராளம். முழுப்பருத்தி அச்சுக்குத் தடை நடப்பில் இருந்த காலத்திலேயே இந்தப் பெண்கள் தங்களுக்குப் பிடித்த பூவைத் தேடி உடுத்தியிருக்கிறார்கள். பெற்ற குழந்தையைத் திரும்ப அறிய ஒரு தாய் விட்டுச்சென்ற துணியைப் போலி என்ற சொல்லில் அடக்குவது எனக்கு ஒப்பவில்லை. உடை அவளுக்குத் தான் யாரென்று சொல்லும் சான்றாகவும் இருந்தது. 1736இல் லினன் கலந்த பருத்தி அச்சுக்கு அனுமதி வந்தது. 1774இல் முழுப்பருத்திக்கும் வந்தது. உள்நாட்டில் நெய்ததென்று காட்ட அதன் கரையில் மூன்று நீல இழைகள் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. சோதனை அதன்பின் துணியின் கரையோடு நின்றது.