இரண்டு பேர் பாட்டை ஒரு குழல் வாசிக்கும்போது

ஆரணிப் பக்கம் கல்யாண வீடுகளில் தாலி ஏறி, பந்தி போட்டதும் நாயனக்காரர் கொஞ்சம் இளைப்பாறுவார். அதுவரை கீர்த்தனை கேட்டவர்கள் அடுத்து எதிர்பார்ப்பது பெரும்பாலும் ‘சிங்கார வேலனே தேவா’. இங்கே பட்டு நெய்யும் தறியின் ஜக்காட்டில் அட்டையை மாட்டிவிட்டால் எந்தத் தறியிலும் அதே புட்டாதான் விழும். இந்தப் பாட்டு அப்படியில்லை, ஆளுக்கு ஆள் வேறாக விழுகிறது.

1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துப் பாட்டு அது. எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஆபேரியில் ஒன்றையொன்று துரத்தும். இரண்டே ஆண்டில் காருகுறிச்சி மறைந்தார். பாட்டு மேடையிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்து வாசிப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு: அவர் குழலே ஜானகியாகவும் காருகுறிச்சியாகவும் இருந்தாக வேண்டும். ஜோடி நாயனம் என்றால் பங்கு பிரித்துக்கொள்ளலாம். ஒற்றை ஆள் என்றால் குரலின் வரிகளை அடக்கி ஊதி, பதிலை விரித்து ஊதுவார். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகை. அதில்தான் வாசிப்பவரின் புத்தி தெரியும்.

பிறர் மெட்டை எடுத்தாள்வது நமக்குப் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேற்கத்திய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் கட்டினார். ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டு அவரிடம் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆனது. சங்கராபரணத்தின் சுரங்களே, ஆனால் கமகம் சேராமல் நேராக நடப்பவை. நோட்டுஸ்வரம் என்ற பெயரும் நிலைத்தது. மதுரை மணி ஐயர் (1912–1968) எதிர்த்திசையில் போனார். தம் குரு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த ‘இங்கிலீஷ் நோட்டை’ வெறும் சுரங்களாகவே பாடினார். தீட்சிதர் மெட்டுக்குச் சொல் கொடுத்தார் என்றால், மணி ஐயருக்குச் சொல்லே தேவைப்படவில்லை.

குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) வயலினில் சினிமாப் பாட்டு வாசித்தபோது சபாக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வித்தை காட்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. காட்டினார்தான். ஆனால் பாட்டின் அசைகளை வில்லால் உச்சரிப்பது சுலபமான காரியமா? கேட்பவர் உதடு தானாக அசைந்துவிடும். கோயில் திருவிழா நாயனம் வெகுகாலமாகச் செய்துவந்ததை அவர் சபாவுக்குள் கொண்டுபோனார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறர் பாட்டைத் தனதாக்குவதற்கு மேற்கிலும் ஒரு சாட்சி இருக்கிறது. 1967இல் பீட்டில்ஸ் தட்டில் ரிங்கோ ஸ்டார் இலகுவாகப் பாடிய ஒரு நட்புப் பாட்டை, 1969இல் உட்ஸ்டாக் மேடையில் ஜோ காக்கர் வேகம் குறைத்து, தாளம் மாற்றி, தொண்டை கிழியப் பாடினார். 2014இல் அவர் இறந்தபோதும் பலருக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பாட்டுதான். ஆனால் காக்கரிடம் சொற்கள் இருந்தன, கத்திச் சொல்லிவிடலாம். நாயனக்காரரிடம் இருப்பது சீவாளியும் நாக்கும். நாக்கால் தட்டி ஊதும் துத்துக்காரத்தில் ‘வேலனே’ விழுந்ததா இல்லையா என்பதைப் பந்தியில் சாம்பாருக்குக் கை நீட்டியபடியே வரியை முணுமுணுக்கும் பாட்டி சொல்லிவிடுவார்.