பெங்களூரில் திராட்சை விழிக்கும் நேரம்

பிரான்சில் குளிர்காலம் முழுக்க வெறும் கட்டையாக நின்ற திராட்சைக் கொடிகள் மார்ச், ஏப்ரலில் ஒருசேரத் துளிர்க்கும். பெங்களூரில் அப்படி ஒரு வசந்தத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஜனவரி இரவுக் குளிர் பெரும்பாலும் 15 டிகிரியோடு நின்றுவிடுகிறது. 7 டிகிரிக்கும் கீழான குளிரில் பல நாள் கிடந்தால்தான் கொடியின் கண்கள் தாமாக ஒன்றுபோல் முளைக்கும். அந்தக் குளிர் கிடைக்காத இந்த மண்ணில் கொடி இலையை முழுதாக உதிர்ப்பதுமில்லை, அயர்ந்து தூங்குவதுமில்லை. அதை எழுப்புவது கவாத்துக் கத்தரி.

நுனித் துளிரும் இலைகளும் இருக்கும்வரை அவை கீழே உள்ள கண்களை முளைக்க விடுவதில்லை. வெட்டியதும் அந்தத் தடை நீங்குகிறது. நந்தி மலை அடிவாரத்தில் ஒயின் திராட்சைக்கு அறுவடை முடிந்த கோடையில் ஒரு கவாத்து, மழை தணியும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து. முதலாவது நல்ல கிளைக்காக, இரண்டாவது காய்க்காக. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் ப்ளூ திராட்சைக்கு இந்தக் கெடுவும் இல்லை. எந்த மாதம் வெட்டினாலும் துளிர்க்கும். அதனால் தேவனஹள்ளி, தொட்டபள்ளாபூர், சிக்கபள்ளாபூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழம் கறுத்துத் தொங்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் கண் திறந்துகொண்டிருக்கும். இரண்டு பருவங்களை ஒரே காலையில் பார்க்கும் வாய்ப்பு குளிர்நாட்டுக்காரர்களுக்குக் கிடையாது.

கவாத்து முடிந்த சில நாட்களில் போங்கள், காலையிலேயே. மண்ணில் ஈரம் இருந்தால் வெட்டுவாயில் துளித்துளியாக நீர் கோத்து நிற்கும். வேர் கீழிருந்து தள்ளும் நீர் அது. கொஞ்சம் உப்புச்சத்தும் துளி இனிப்பும் கலந்திருக்கும். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் வெட்டிய கொடியில் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தி, இந்த நீர் 20 அடிக்கு மேல் ஏறுவதை அளந்து 1727இல் நூலாக வெளியிட்டார். அந்தத் துளியைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத அந்த உந்துதலையும் நினைத்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் முழுத் தோட்டத்திலும் அதைவிடப் பெரிய காட்சி இல்லை.

பிறகு கண்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அவை பருத்து, பழுப்புச் செதில்கள் விலகி, உள்ளிருந்து பஞ்சு எட்டிப்பார்க்கும். கிளையின் நுனியில் உள்ள கண்தான் முந்தும், அடிக்கண்கள் பின்தங்கும். எல்லாம் ஒன்றாக முளைக்கட்டும் என்று பல தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைக் கண்களில் தடவுவார்கள். அது நஞ்சு. ஆகவே தோட்டக்காரரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

பெங்களூர் ப்ளூவின் இளந்துளிரைப் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். வெள்ளை ரோமம் அடர்ந்து, விளிம்பில் ரோஜா நிறம் ஓடியிருக்கும். இலை விரிந்தபின் மேற்புறம் பச்சையாகிவிடும், அடிப்புறம் மட்டும் வெளிறியே இருக்கும். அதன் முன்னோர்களில் ஒன்றான அமெரிக்கக் காட்டுத் திராட்சை தந்த சொத்து அது. ஐரோப்பிய வகை ஒயின் திராட்சைகளின் இலையடி பெரும்பாலும் இவ்வளவு அடர்ந்த வெண்மையாக இருக்காது.

மூன்று, நான்கு இலை விரிந்தபின் மறுபடி ஒருமுறை போவது அவசியம். இலைக்கு எதிர்ப்புறம் கேழ்வரகு மணிகளைக் கோத்ததுபோல் ஒரு சிறு கொத்து தெரியும். அதுதான் வருகிற குலை. இன்று நேற்று உருவானதல்ல. முந்தைய துளிர்ப்பின்போதே கண்ணுக்குள் உருவாகி, விழிப்புக்குக் காத்திருந்தது. அதே தண்டில் இன்னும் மேலே, அதே எதிர்ப்புறத்தில், குலைக்குப் பதில் பற்றுக்கம்பி இருக்கும். இரண்டும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள். கண்ணுக்குள் போதிய வெயிலும் சத்தும் சேர்ந்தால் குலை, இல்லையேல் கம்பி. தேடினால் பாதி கம்பியாகச் சுருண்டு, பாதியில் நாலைந்து மொட்டு தாங்கிய ஒன்றும் அகப்படும்.

விமான நிலையம் 2008இல் தேவனஹள்ளிக்கு வந்தபின் அங்கே பல பந்தல்கள் மனைகளாகிவிட்டன. மிச்சமிருப்பவற்றைப் பார்க்க நந்தி மலைச் சாலையைவிட்டு ஊர்ப்பாதைகளில் இறங்க வேண்டும். போகமுடியாதவர்கள் மொட்டைமாடித் தொட்டியில் ஒரு பெங்களூர் ப்ளூ குச்சியை நடலாம். இரண்டாம் ஆண்டு கவாத்து செய்து, ஒரு கைலென்ஸோடு நுனிக்கண்ணைத் தினமும் பாருங்கள்.