நுங்கு, இட்லி, பூநாரை: எங்கள் சயான் கோடை

தாராவி தொண்ணூறடி ரோட்டில் நுங்கு வந்துவிட்டது. எனக்குப் புத்தாண்டு அன்றைக்கே பிறந்துவிடும். சித்திரை ஒன்று அதன் பிறகு நிதானமாக வரட்டும்.

மும்பையில் கோடை என்றால் எல்லோருக்கும் மாம்பழம்தான் நினைவுக்கு வரும். ரத்னகிரி அல்போன்சாவை நானும் வணங்குகிறேன். ஆனால் ஏப்ரல் வெயிலில் சயான் ஸ்டேஷன் பாலத்திலிருந்து வியர்த்து வழிய இறங்கி வருகிறவர்களுக்கு நுங்குக்கு ஈடு வேறு எதுவும் கிடையாது. இங்கே உள்ளவர்கள் அதைத் தாட்கோளா என்பார்கள். தோலைச் சீவி, பளபளவென்று டஜன் கணக்கில் விற்பார்கள். எனக்கு அது போதாது. கண்ணெதிரே காய் வெட்டப்பட வேண்டும். அரிவாள் விழுந்ததும் மூன்று கண்ணும் தெரிய வேண்டும். கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்ப வேண்டும். "எம்மா, வெயிலுக்கு முன்ன வந்துரணும், இளசெல்லாம் போயிரும்" என்று நெல்லைப் பேச்சில் கண்டிக்கும் அண்ணாச்சியிடம்தான் நான் வாங்குவேன்.

நாம் சாப்பிடும் நுங்கு பனங்கொட்டைக்குள் இருக்கும் உணவுச் சேமிப்பு. குருத்து முளைத்து வரும்போது உண்பதற்காகத் தாய்மரம் கட்டிக் கொடுக்கும் சோறு அது. முதலில் தண்ணீராக இருக்கும், பிறகு வழுவழுப்பாக உறையும், விட்டால் கல்லாக இறுகிவிடும். அந்த நடுப்பருவம் சில நாள்தான். அந்தச் சில நாளைப் பிடித்துத்தான் நாம் வாயில் போட்டுக்கொள்கிறோம். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரம் மட்டும். எது ஆண், எது பெண் என்று அது பூக்கும்வரை பார்த்துச் சொல்ல முடியாது. பூக்கவோ பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். விதை போட்டவர் அத்தனை காலம் பொறுத்திருந்ததால்தான் இன்று என் கையில் நுங்கு இருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள், ருசி கூடும். அந்த மெல்லிய மஞ்சள் தோலை உரித்துப் போடாதீர்கள். அந்தத் துவர்ப்பு இல்லாத நுங்கு பாதி நுங்கு.

பிடித்த பண்டம் எதுவானாலும் அதன் பின்னால் இருக்கும் இயற்கையைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடிவதில்லை. சயானில் இருந்துகொண்டு இந்தப் பழக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு பக்கம் தாராவி, ஒரு பக்கம் மாட்டுங்கா, கொஞ்சம் தள்ளிச் செம்பூர். மேற்கே மித்தி நதி, கிழக்கே தானே கழிமுகம். நடுவில் ஒரு குன்று, அதன் மேல் ஒரு கோட்டை. இத்தனை ருசியும் இத்தனை உயிரும் இவ்வளவு நெருக்கத்தில் வேறு எந்தப் பேட்டையில் இருக்கிறது, சொல்லுங்கள்!

விடியற்காலை இட்லியை எடுத்துக்கொள்வோம். தாராவியில் நம் தமிழ்க் குடும்பங்கள் இரவோடு இரவாக மாவரைத்து, இருட்டிலேயே அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிவிடுவார்கள். சைக்கிளில் அது நகரம் முழுக்கப் போகும். பொம் பொம் என்று ஹாரன் கேட்டதும் குஜராத்தி வீட்டிலும் மராத்தி வீட்டிலும் கதவு திறக்கும். மாட்டுங்காவின் பேர்போன ஓட்டல்களைக் கொண்டாடுகிறவர்கள் இந்த சைக்கிள் இட்லியையும் அதே மரியாதையோடு கொண்டாட வேண்டும் என்பது என் கட்சி. தேங்காய்ச் சட்னியைத் தண்ணீராகத்தான் விடுவார் சைக்கிளில் வரும் அண்ணன். அதில் ஊறிய இட்லி தொண்டையில் தானாகவே இறங்கும்.

இந்த இட்லி மாவில் யாரும் உறை ஊற்றுவதில்லை, ஈஸ்ட் போடுவதில்லை. வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் தாமே வந்து சேர்கின்றன. லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா முதலில் பெருகி, மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் புளிக்கும், இப்படி உப்பாது. சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் மாவு நடுராத்திரிக்குள் பொங்கிவிடும். ஜனவரியில் அதே மாவு காலை வரை தூங்கும். இட்லிப் பானையைத் திறந்ததும் எழும்பும் ஆவியைப் பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் ராத்திரி முழுக்க நமக்காக உழைத்திருக்கின்றன என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா. ராமாஷ்ரயாவின் அன்னாசி ஷீரா, 1940 முதல் நடக்கும் கஃபே மெட்ராஸின் பொடி இட்லி, 1942இல் தொடங்கிய ராமநாயக்கின் உடுப்பி கிருஷ்ண போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு. எதைச் சொல்ல, எதை விட! ஒரே காலையில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். ஒன்றை எடுத்து, நிதானமாகச் சாப்பிட்டு, ஒரு காப்பியோடு முடியுங்கள். காப்பியில் சிக்கரி கலந்தால் தாழ்ச்சி என்று சிலர் பேசுவார்கள். நான் சிக்கரியின் பக்கம். நீலப்பூ பூக்கும், சூரியகாந்திக் குடும்பத்துச் செடியின் வேர் அது. வறுத்தால் அதில் உள்ள சர்க்கரைப்பொருள் கருகி இனிக்கும். அந்தக் கெட்டியான நிறமும் அடிநாக்குக் கசப்பும் அதன் கொடை. அதில் காஃபின் துளியும் கிடையாது. காப்பிச் செடியோ தன் பூந்தேனிலேயே கொஞ்சம் காஃபின் வைக்கிறது. அதைக் குடித்த தேனீக்கள் அந்தப் பூவின் மணத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கின்றன என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. டபராவில் காப்பியை ஆற்றிக்கொண்டே இதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லுங்கள், பேச்சு அரை மணி நேரம் ஓடும்.

காப்பி முடிந்து வெளியே வந்தால் தலைக்கு மேலே தூங்குமூஞ்சி மரங்கள். மாட்டுங்காவின் தெருக்களுக்கும் பக்கத்தில் 'ஐந்து தோட்டங்கள்' என்ற பூங்காக்களுக்கும் நிழல் என்றாலே இவைதான். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து நம்மூராகிப்போன மரம். கோடையில் ரோஜா நிறத்தில் தூரிகை தூரிகையாகப் பூத்து நிற்கும். சாயங்காலமானால் இலை மடியும், மேகம் கறுத்தாலும் மடியும். இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு முடிச்சில் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் இறங்கி மறு பக்கம் ஏறுவதால் நடக்கும் வேலை அது. அந்தி நேரம் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும், ஒரு தெரு முழுக்க உறங்கப் போவது தெரியும்.

வீட்டு ஜன்னலிலும் எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. கறிவேப்பிலைத் தொட்டி. அதில் புழு வந்தால் தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது காமன் மார்மன் என்ற வண்ணத்துப்பூச்சியின் குட்டி. எச்சம் என்று நினைத்துப் பறவைகள் விட்டுவிடட்டும் என்பதற்காகவே அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறும். சிறகு முளைத்த பிறகும் வேஷம் தீராது. பெண் பூச்சிகளில் சில, ஆடுதீண்டாப்பாளையைத் தின்று விஷமேறிய இன்னொரு இனத்தின் சிவப்புப் புள்ளிகளை அப்படியே அணிந்துகொண்டு பறக்கும். நாலு இணுக்குக் கறிவேப்பிலை போனால் போகட்டும். இதன் உறவான புளூ மார்மனை மகாராஷ்டிரம் 2015இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அப்படி அறிவித்த முதல் மாநிலம் இதுதான். நம் தமிழ்நாடு 2019இல் தமிழ் மறவனைத் தேர்ந்தெடுத்தது.

மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்கு மும்பைத் தமிழர்களில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? தாராவி பஸ் டெப்போவுக்கு எதிரே, பாந்த்ரா-சயான் இணைப்புச் சாலையில், வாகன இரைச்சலுக்கு நடுவில் 37 ஏக்கர் காடு! ஒரு காலத்தில் நகரத்தின் குப்பையைக் கொட்டிய மேடு இது. அதன் மேல் மண்ணைப் பரப்பி, மரம் வைத்து, 1994இல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்று உள்ளே நுழைந்து பத்து அடி வைத்ததும் வெயில் தணிகிறது, செம்போத்து கூவுகிறது. குப்பையைக் காடாக்க முடியும் என்பதற்குத் தாராவி வாசலிலேயே அத்தாட்சி இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் மால்களில் சுற்றிக்கொண்டிருப்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

பூங்காவின் ஓரத்தில் மித்தி. விகார், பவாய் ஏரிகள் வழிந்து பிறக்கும் ஆறு, மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது இந்த ஆறு கரை உடைத்ததை இங்கே வாழ்ந்த யாரும் மறக்கவில்லை. அந்தக் கரையில்தான் அலையாத்திகள் நிற்கின்றன. சேற்றில் காற்று இல்லாததால் வேர்கள் பென்சில் பென்சிலாக மேல்நோக்கி முளைத்து மூச்சு வாங்குகின்றன. உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகின்றன. வெண்கண்டல் இலையை வெயில் நேரத்தில் பார்த்தால் அதன் மேல் உப்புப் படிவம் மின்னும். விதையோ மரத்தில் இருக்கும்போதே முளைக்கத் தொடங்கிவிடுகிறது. பிச்சாவரம் போனவர்கள் இதையெல்லாம் பார்த்திருப்பீர்கள். சயானில் அதற்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்.

இனி பூநாரை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நவம்பர் வாக்கில் வரத் தொடங்கி மழைக்கு முன் கிளம்பிவிடும் இந்தப் பறவைகள், குஜராத்தின் கட்ச் பக்கத்துச் சதுப்புகளிலிருந்து தானே கழிமுகத்துக்கு ஆயிரம் ஆயிரமாக வருகின்றன. இரண்டு இனம் உண்டு. பெரும் பூநாரை உயரம், வெளிர் நிறம், அலகு ரோஜா நிறத்தில் நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரை குள்ளம், நிறமோ அள்ளிக்கொண்டு போகும், அலகு முழுக்கக் கரும் சிவப்பு. சிவ்ரி சேற்றுக் கரையில் இவை இரண்டும் கலந்து நிற்பதைப் பார்த்தபோது என் வாயிலிருந்து சொல்லே வரவில்லை. பின்னால் எண்ணெய்த் தொட்டிகளும் கப்பல்களும். முன்னால் சேறு முழுவதும் ரோஜா நிறம்.

அந்த நிறம் அவற்றின் பிறவி நிறம் கிடையாது. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் பிறக்கிறது. தின்னும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறப்பொருள் இறகில் ஏறி, இரண்டு மூன்று வருஷத்தில் ரோஜாவாகிறது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே குடும்பத்துப் பொருள். அந்த உணவு இல்லாவிட்டால் நிறமும் வெளுத்துவிடும். தாயும் தந்தையும் தொண்டையிலிருந்து சுரக்கும் சிவப்புப் பாலைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அப்படி ஊட்டி ஊட்டித் தங்கள் நிறத்தையே கொஞ்சம் இழக்கின்றன. இதை முதன்முதலில் படித்த அன்று என் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

சாப்பிடும் விதமும் அலாதி. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் நொடிக்குப் பல தடவை தண்ணீரை இழுத்து விட்டு, அலகின் ஓரத்துச் சல்லடையில் பாசியை மட்டும் நிறுத்திக்கொள்ளும். சிறு பூநாரையின் சல்லடை மிக நுண்மையானது, அதற்கு நீலப்பச்சைப் பாசிதான் சாப்பாடு. காலும் அலாதிதான். பின்பக்கம் மடியும் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது. நகரக் கழிவின் சத்தில் பாசி செழித்தது பூநாரைகள் இங்கே பெருகியதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். வந்த விருந்தாளிகளைக் காப்பது நம் கடமை. தானே கழிமுகப் பூநாரைச் சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டது, 2022இல் உலகின் முக்கியச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் கோடியக்கரை 2002 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சாயங்காலம் சயான் கோட்டைக்கு ஏறினால் கிழக்கே உப்பளமும் கழிமுகமும் தெரியும். 1669க்கும் 1677க்கும் இடையில் ஆங்கிலேயக் கம்பெனி கட்டிய கோட்டை இது. தங்கள் பரேல் தீவுக்கும் போர்த்துகீசியரின் சால்செட் தீவுக்கும் நடுவே காவலுக்கு எழுப்பியது. இன்றும் சயான் ஓர் எல்லைதான்: புறநகர் ஆட்டோ இங்கேயே நின்றுவிடுகிறது, தெற்கே போக டாக்ஸிதான். கையில் சயான் குருகிருபா கடையின் சமோசாப் பொட்டலம், தலைக்கு மேலே வட்டமிடும் பருந்துகள், காலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான எரிமலைப் பாறை. எனக்கு மாலை நேரம் இதைவிட நன்றாக அமைந்ததில்லை.

மே மாதம் முடிவதற்குள் சிவ்ரிக்குப் போய்விடுங்கள். ஜி.டி.பி. நகரிலிருந்து ஆர்பர் லைனில் வடாலாவுக்கு அடுத்த ஸ்டேஷன். கிளம்பும் முன் ஓத நேரத்தைப் பாருங்கள், அது நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். முழு வற்றத்தில் பறவைகள் வெகு தூரத்தில் நிற்கும். உச்ச ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னோ பின்னோ போனால் அருகில் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கல் எறியவோ கை தட்டவோ பிள்ளைகளை விடாதீர்கள். திரும்பும் வழியில் தாராவியில் இறங்கி நுங்கு வாங்க மறக்காதீர்கள், அதுவும் மழை வந்தால் முடிந்துவிடும்.