பச்சைப் பதிகமும் எண்ணாயிரம் கழுமரமும்

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வருவோரில் பலர் நளதீர்த்தத்தில் முழுகி, சனீசுவரனைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இத்தலத்து இறைவன் தர்ப்பாரண்யேசுவரர்மேல் திருஞானசம்பந்தர் பாடிய ஏடு, மதுரையில் சமணரோடு நடந்த அனல்வாதத்தில் தீயில் இட்டும் கருகாமல் பச்சையாக மீண்டது என்பது இவ்வூரின் பழம்பெருமை. அந்தக் கதையின் முடிவில்தான் எண்ணாயிரம் சமணர் கழுவேறுகிறார்கள். படைப்புக் கடவுள் ஒருவனை ஒப்பாதவர்கள் அவர்கள். கடவுள் மறுத்தோரைக் கொன்றதற்குத் தமிழ்நாட்டுச் சான்று கேட்டால், பகுத்தறிவு மேடை இதைத்தான் காட்டும். சான்று தேறுமா?

முதலில் சம்பந்தரின் சொந்த வாக்கு. தீயில் இட்டது முதல் திருமுறையின் 49ஆம் பதிகம், அப்போது பாடியது மூன்றாம் திருமுறையின் 87ஆம் பதிகம் என்பது மரபு. இரண்டும் நள்ளாற்றுக்கு உரியவை. பின்னது, எரியில் இட்டாலும் பழுதில்லை என்று தானே பேசுகிறது. ஆக, அனல்வாதத்துக்கு அகச்சான்று உண்டு, கழுவுக்கு இல்லை. பெரும்பாலான பதிகங்களின் பத்தாம் பாட்டில் சமணரையும் சாக்கியரையும் விடாமல் சாடியவர், இப்படியொரு வெற்றியை மட்டும் பாடாமல் விட்டிருப்பாரா? மௌனம் முழுச்சான்று ஆகாதுதான். ஆனால் இவருடைய மௌனத்துக்கு எடை அதிகம்.

கழுமரம் நாட்டப்படுவது சில நூற்றாண்டுகள் கழித்து, நம்பியாண்டார் நம்பியிலும் ஒட்டக்கூத்தரிலும் சேக்கிழாரிலும். 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் கட்டுமானம் கூர்ந்து பார்க்கத்தக்கது. தோற்றால் கழுவேறுகிறோம் என்று சமணரே வாய்விட்டுச் சொல்கிறார்கள். அதற்குமுன் அடியார் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கிறார்கள். ஆணை பாண்டியனுடையது, நிறைவேற்றம் அமைச்சர் குலச்சிறையாருடையது. பிள்ளையாராகிய சம்பந்தர் விலக்கவில்லை, அவ்வளவே. காப்பிய உத்தியாக இது தேர்ந்த வேலை. ஆனால் நிகழ்ச்சியைப் பெருமையாக மட்டுமே கருதிய கவிஞனுக்கு இத்தனை முட்டுக்கொடுத்தல் தேவையில்லை. வந்த கதையை விடவும் முடியாமல், முழுமனத்தோடு ஏற்கவும் முடியாமல் சேக்கிழார் நெளிந்திருக்கிறார் என்றே படுகிறது. அந்த நெளிவு அவர் நேர்மைக்குச் சான்று. கழுவேற்றத்துக்குச் சான்று அல்ல.

கல்லும் கதைக்கு ஒத்துவரவில்லை. மதுரையைச் சூழ்ந்த சமணர்மலையிலும் ஆனைமலையிலும் தீர்த்தங்கரர் சிற்பங்கள் பிந்திய நூற்றாண்டுகளிலும் செதுக்கப்பட்டன. 9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுக்கியவர் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர். பூண்டோடு அழிந்த சமயத்துக்கு இது ஆகாத காரியம். ஆதரவு குறைந்தது, அரசு கைமாறியது என்பதுவரை ஏற்கலாம்.

கடவுள் மறுப்புக்காக ஐரோப்பாவில் நடந்த கொலைகளோடு இதை ஒப்பிடலாம். 1619இல் துலூசில் வனினியை நாக்கறுத்து எரித்தார்கள். 1689இல் வார்சாவில் லிஷின்ஸ்கியைக் கொன்றார்கள். அங்கே வழக்கும் தீர்ப்பும் பதிவாகியுள்ளன. இங்கே இருப்பது வென்றவர் பாட்டு மட்டும். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கழுவேற்றத்தை வரலாறாகக் கொள்ள மறுத்தது முறையியலில் சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான். கொலை நடக்கவில்லை என்றாலும், அது நடந்ததாகப் பாடி, கோயில் விழாவில் நடித்தும் காட்டிய மனநிலை நடந்த வரலாறு. அதைச் சைவ ஆய்வாளர்கள் போதிய அளவு விசாரிக்கவில்லை.

எண்ணிக்கையையும் விட்டுவிட முடியாது. நாலடியார் பிறந்த கதையிலும் எண்ணாயிரம் சமணர் வருகிறார்கள். சம்பந்தர் கதையின் புனல்வாதத்தில் ஏடு வையையில் விடப்பட்டு எதிரேறுவதுபோல, இவர்களுடைய ஏடுகளையும் பாண்டியன் வையையில் எறிகிறான். அவற்றிலும் சில எதிரேறி வருகின்றன. அந்தக் கதையில் சமணர் யாரும் கழுவேறுவதில்லை; இரவோடிரவாக ஊருக்குப் போய்விடுகிறார்கள்.