காரிடமே கேட்டுவிடலாம்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், பதினாறு பின் கொண்ட ஒரு சாக்கெட் ஒளிந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகி, நமக்குப் புரியாத ஒரு பிழைக் கோடைச் சொல்லி பில் போடுவது இதை வைத்துத்தான். இதற்குப் பின்னால் இருக்கும் ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை ஏற்பாடு அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே கட்டாயம். இந்தியாவுக்கு அது 2013 ஏப்ரலில் வந்தது.

என் கார் 2015 மாடல். 750 ரூபாய் ப்ளூடூத் அடாப்டர், பழைய லினக்ஸ் லேப்டாப், பைதான்-ஓபிடி என்ற இலவச லைப்ரரி. இந்த மூன்றோடு மூன்று வாரமாக, நிறுத்திய காருக்குள் ராத்திரி ராத்திரி உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஏதோ சண்டை என்றே பக்கத்து வீட்டுக்காரர் நினைத்துவிட்டார்.

லைப்ரரியைக் குறை சொல்ல அதிகமில்லை. ஒரே வரியில் நிறுவலாம். இன்னொரு மூன்று வரியில் கார் பேச ஆரம்பித்துவிடும். இன்ஜின் சுற்று எவ்வளவு என்று கேட்டால், கார் உண்மையில் அனுப்புவது 11, 184 என்பது மாதிரி இரண்டு எண்கள். முதலாவதை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நான்கால் வகுத்தால் 750. இந்தக் கணக்கை லைப்ரரியே போட்டு, நிமிடத்துக்கு 750 சுற்று என்று அலகோடு கையில் தருகிறது. எந்தெந்த சென்சாரைப் பற்றிக் கேட்கலாம் என்பதையும் இணைந்தவுடனே காரிடம் விசாரித்து வைத்துக்கொள்கிறது. இல்லாததைக் கேட்டால் காரைத் தொந்தரவு செய்யாமல் தானே மறுத்துவிடும்.

வம்பு அடாப்டரில், அதற்குள் இருக்கும் சிப்பில். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த இஎல்எம்327 சிப்பின் முதல் பதிப்புக்கு நகல் தடுப்புப் பூட்டு போடப்படவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அடித்த போலிகள்தான் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. என்னுடையதும் தன்னை 1.5 என்று அறிமுகம் செய்துகொண்டது. அப்படியொரு பதிப்பை எல்ம் வெளியிட்டதே இல்லை! முதல் இரண்டு நாள் இணைப்பு விட்டு விட்டுத்தான் வந்தது. லைப்ரரி தன் வேகத்துக்காகச் செய்யும் சில குறுக்குவழிகளை அணைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. அப்போதும் நொடிக்கு ஆறேழு கேள்விக்கு மேல் தாங்கவில்லை. ஓடும் காரில் பதிவெடுக்க அசிங்க் முறையைப் பயன்படுத்துங்கள். கேள்விகளை அது பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும். லேப்டாப்பை ஓட்டுபவர் பார்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், சாவியை எடுத்தாலும் அந்த சாக்கெட்டில் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இந்த லைப்ரரி படிப்பது புகை, இன்ஜின் சார்ந்த பொதுத் தரவை மட்டும். ஏர்பேக், ஏபிஎஸ் பற்றியெல்லாம் தெரிய வேண்டுமென்றால் மறுபடி சர்வீஸ் சென்டர்தான்.

ஆனால் கொடுத்த காசை ஒரே நாளில் ஈடுகட்டிவிட்டது. மச்சான் பழைய கார் ஒன்று பார்க்கப் போனபோது லேப்டாப்போடு நானும் ஒட்டிக்கொண்டேன். "ஒரு வார்னிங் லைட் எரியுதா பாருங்க சார், வண்டி அப்படியே புதுசு" என்றார் புரோக்கர். உண்மைதான், எரியவில்லை. கோடுகளைக் கேட்டேன், ஒன்றுமில்லை. கடைசியாக, கோடுகளை அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கேட்டேன். 9 கிலோமீட்டர். கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் இரண்டின் சுயபரிசோதனையும் இன்னும் முடியவில்லை என்றது நிலவரப் பட்டியல். கோடை அழித்தால் இந்தச் சோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். பல கிலோமீட்டர் விதவிதமாக ஓட்டினால்தான் மறுபடி நிறைவடையும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இந்தத் தூரக் கணக்கும் சோதனை நிலவரமும் அழிந்துபோகும். அதனால் உடனே பழி போடாமல், திரையைத் திருப்பிக் காட்டி என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அதுவா சார், நேத்துதான் புது பேட்டரி போட்டோம்."

மச்சான் பானெட்டைத் திறந்தார். டெர்மினல் இரண்டிலும் பச்சை பூத்துக் கிடந்தது.