வெப்பக் கரையில் குளிர்ப்பெட்டி நொதிப்பு

ஏல் வகைப் பியரை நொதிக்க வைக்கும் பெரும்பாலான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 பாகை வெப்பம் போதும். லாகர் வகைக்கு 8 முதல் 13 பாகை வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையில் சாம்பல்தீவை அடுத்த சல்லி என்ற ஊரிலோ மே முதல் ஆகஸ்ட் வரை பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடும்; இரவும் பெரிதாகத் தணியாது. இந்த இடைவெளியை அடைக்க வீட்டில் பியர் செய்வோர் உலகெங்கும் கையாளும் வழி ஒன்று உண்டு. பழைய குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கை வெளியே வைத்த வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் செருகி, அதன் உணரியைப் பெட்டிக்குள் விடுகிறார்கள். குறித்த வெப்பத்தை எட்டியதும் கருவி மின்சாரத்தைத் துண்டிக்கும். வெப்பம் ஏறினால் மறுபடி கொடுக்கும்.

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி உரிமமில்லாமல் வீட்டில் மது செய்ய முடியாது. பிரித்தானியாவிலோ 1963 முதல் சொந்தப் பாவனைக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே லண்டனில் வாழும் சல்லிக்காரருக்கு இது பியர் செய்யும் முறை. ஊரில் இருப்பவருக்கு மாவும் தயிரும் இஞ்சிப் பானமும் புளிக்கும் வேகத்தை ஆளும் முறை. இரண்டு பேருக்கும் பொதுவான கேள்வி, இது எவ்வளவு நம்பத்தக்கது என்பதுதான்.

குளிரூட்டும் எந்திரத்துக்கும் பியருக்கும் உறவு பழையது. 1870களில் ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் வான் லிண்டே தன் எந்திரத்தை மியூனிக் நகர மதுவாலையில்தான் சோதித்தார். இலங்கையில் பியர்த் தொழில் முதலில் வேரூன்றியது, 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில். மலைக்குளிர் அங்கே எந்திரத்தின் வேலையைச் செய்தது. பின்னாளில் அந்தத் தொழில் கொழும்பை அண்டிய பியகமவுக்கு இறங்கி வர முடிந்ததென்றால், குளிரைச் செயற்கையாக உண்டாக்க முடிந்ததே காரணம். பழைய பெட்டியும் சிறு கருவியும் அதே வல்லமையை ஒரு வீட்டுக்குக் கொண்டுவருகின்றன.

இதன் முதல் பலம் சீர்மை. ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும் முதல் இரண்டு மூன்று நாளில் வெப்பம் மிஞ்சினால், தொண்டையில் எரியும் கனமான ஆல்ககோல்களும் மிதமிஞ்சிய பழ வாசனையும் உண்டாகும்; பிறகு குளிர வைத்தாலும் அவை போகா. அந்த நாட்களைக் காப்பாற்றுவதில் இந்த முறைக்கு நிகர் குறைவு. பாத்திரத்தில் ஈரத்துணி சுற்றுவது கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் ஓரளவு உதவும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் பயன் குறையும். றெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைப்பவர் இரவிலும் எழுந்து ஐஸ் மாற்ற வேண்டும்.

குறைகளில் பெரியது, கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்புவது. நொதிப்பு தானே வெப்பத்தை உண்டாக்கும். பெட்டிக் காற்று 18 பாகையில் இருக்கும்போது பாத்திரத்துக்குள் இருக்கும் திரவம் 21, 22 பாகையில் இருக்கலாம். உணரியைக் காற்றில் தொங்கவிடாமல் பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டி, மேலே தடித்த பஞ்சோ ஸ்பொஞ்சோ வைத்து மூட வேண்டும். அதேபோல் கொம்பிரசர் நின்றவுடன் மறுபடி தொடங்காதபடி சில நிமிடத் தாமதத்தைக் கருவியில் குறித்து வைக்காவிட்டால் பெட்டியின் ஆயுள் குறையும். மின்பலகை கொண்ட புதிய பெட்டிகள் சில, அடிக்கடி மின்சாரத்தை வெட்டினால் ஒழுங்காக இயங்குவதில்லை. பழைய ஒற்றைக்கதவுப் பெட்டியே இதற்குப் பொருத்தம். எஸ்டிசி-1000 போன்ற வெற்றுக் கருவியில் 230 வோல்ட் இணைப்பை நாமே கொடுக்க வேண்டும். ஈரம் கோத்து நிற்கும் பெட்டியருகே அது உயிராபத்தான வேலை. மின்வினைஞரிடம் விடுவதே சரி.

கடற்கரைக்கென்று வேறு குறைகளும் உண்டு. உப்புக்காற்று பெட்டியின் பின்புறக் குழாய்களை அரிக்கும். உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்டது. மூடிய பெட்டியில் 20 லீற்றர் திரவம் ஓரிரு மணி நேர வெட்டைத் தாங்கும். அரை நாளைத் தாங்காது.

ஆனால் என் முக்கியமான ஆட்சேபம் வேறு. குளிர்நாட்டு ஈஸ்ட்டை இங்கே கொண்டுவந்துவிட்டு, அதற்காகக் குளிர்நாட்டையே பெட்டிக்குள் உண்டாக்க வேண்டுமா? மேற்கு நோர்வேயின் பண்ணை வீடுகள் காத்துவந்த க்வைக் ஈஸ்ட் 35 பாகையிலும் நன்றாக நொதிக்கும். நம் பனங்கள்ளும் இந்த வெப்பத்துக்கே பழகிய நுண்ணுயிர்களால் முட்டியிலேயே நொதிக்கத் தொடங்குகிறது. அதைத் தடுத்துக் கருப்பநீர் எடுக்க, சீவுபவர் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிறார். மின்சாரம் இல்லாமலே நொதிப்பை ஆண்ட அறிவு அது.

குளிர் தேவைப்படும் ஈஸ்ட்டோடு வேலை செய்பவருக்கு இந்த முறை அவசியம். லாகருக்கு இந்தக் கரையில் வேறு வழியே இல்லை. வெப்பத்தில் நன்றாக வாழும் ஈஸ்ட்டைத் தெரிந்தெடுக்கக் கூடியவருக்கு இது வீண்செலவு. ஊர்ச் சமையலறையில் இதன் நல்ல பயன், நொதித்து முடிந்ததைப் புளித்துப்போகாமல் நிறுத்துவது. அதற்குச் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியே போதும். கருவி வாங்கப் போகிறவர் தன் நுண்ணுயிருக்கு எத்தனை பாகை வேண்டும் என்பதை முதலில் அறியட்டும். அந்த எண்ணும் தன் வீட்டு வெப்பமும் ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் பணத்தைச் செலவிடட்டும்.